நாணயமும் தவணையும்

கையிற் புழங்கும் காசுக்கும், சொன்ன சொல் பிறழாத ஒழுக்கத்துக்கும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லை நம் மொழி வழங்கி வருகின்றது. பெட்டியிற் காசு இல்லாத போழ்தும் நாணயமுள்ளவன் சொல் காசாகச் செல்லும் என்பதும், சொற்கெட்டவனிடத்துக் காசு இருந்தும் பயனில்லை என்பதும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன. வாணிகத்தையும் வட்டித் தொழிலையும் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட நம் நகரத்தார் மரபினர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பேரேடும் பெட்டியடியும் மறைந்து, சட்டைப் பையில் அடங்கும் சிற்றட்டை ஒன்றே கடன் வாங்கும் கருவியாகிவிட்ட இந்நாளில், கடன் கொடுத்தார் வழியிற் பிறந்த நம் இளைஞருள்ளும் சிலர் கடன் தீர்க்கும் முறையறியாது இடர்ப்படுகின்றனர். ஆதலின், நாணயம் என்பது பண்டு எவ்வாறு அளக்கப்பட்டது, பின்னர் மேனாட்டில் எவ்வாறு ஏட்டிலேறியது, இன்று நம் நாட்டில் எவ்வாறு எண்ணாக நிற்கின்றது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்ந்து, அதனாற் பெறப்படும் பயனைக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் முன்னோர் கடல் கடந்து இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் முதலிய இடங்களிற் கடை வைத்து நடத்திய காலத்தில், ஒரு கடையின் நாணயத்துக்கு அடையாளமாய் நின்றது அதன் விலாசம். தந்தை, பாட்டன், பங்காளிகள் பெயர்களின் முதலெழுத்துக்களை அடுக்கி வைத்த அவ்விலாசத்தைக் கேட்ட அளவில், அக்கடை எவ்வூரது, எக்கோயிற் பிரிவினது, எத்தலைமுறையாகத் தொழில் செய்வது என்பனவெல்லாம் கேட்டார்க்கு விளங்கும். மதுரையிற் பணங்கட்டியவன் ஓர் உண்டியலைப் பெற்று, அதனை இரங்கூனிற் காட்டிப் பணம் பெறுவான். காட்டிய உடனே பணம் தரவேண்டுவது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தரவேண்டுவது தவணை உண்டியல். இரண்டிற்கும் பின்னின்றது ஒரு துண்டுக் காகிதமும் விலாசத்தின் பெயருமே. ஓர் உண்டியல் ஒருமுறை திரும்பிவிடுமாயின், அச்செய்தி அடுத்த கப்பலில் எல்லாத் துறைமுகங்களுக்கும் சென்றுவிடும். அதன் பின்னர் அவ்விலாசத்து உண்டியலை வாங்குவார் அரியர்.

வட்டி வீதமும் தனியொருவர் விருப்பத்துக்கு விடப்படவில்லை. இரங்கூனில் மொகல் தெருவிலிருந்த நகரத்தார் கோயிலில் நம்மவர் மாதந்தோறும் கூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை உறுதி செய்தனர். தெய்வ சந்நிதியிற் கூடிப் பேசிய வீதமாதலின், அதனை மீறுதல் பழிக்கு இடமாயிற்று. இரண்டு மாதத் தவணைக்குப் பெற்ற வைப்புப் பணம் தவணை நாளிற் கணக்கிடப்பட்டது. பெண்மக்களின் சீதனப் பணமும் அவரவர் பெயராலே தனிக்கணக்காக வைக்கப்பட்டு வட்டி ஏறி வந்தது. அன்றாடக் கொடுக்கல் வாங்கல் குறிப்பிலும், ஆள்வாரிக் கணக்குப் பேரேட்டிலும், முடிவுநிலை ஐந்தொகையிலும் எழுதப்பெற்றன. பெட்டியடிப் பையனாக அமர்ந்த சிறுவன் இவ்வேடுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி அடுத்தாளாகவும், பின்னர் மேலாளாகவும் உயர்ந்தான். ‘கொடுக்க வேண்டிய நாள்’ என்பது உடம்பில் ஊறிய உணர்ச்சியாகும் வரை அவன் கையிற் பெரும் பணம் ஒப்புவிக்கப்படவில்லை. கடன் வாங்கும் கருவியைக் கையிற் கொடுக்கு முன்னர்த் தவணையின் அருமையைக் கற்பித்த முறை இஃதாகும்.

எனினும், அம்முறையில் ஓர் இடுக்கணும் இருந்தது. அந்நாளைய நாணயம் தனியாளுடையதாக மட்டும் நில்லாது, சமூகத்தின் கூட்டு நாணயமாகவும் இருந்தமையால், ஒருவர் தவறு அனைவரையும் தாக்கிற்று. 1925-ஆம் ஆண்டிற் கொழும்பில் நம்மவருடைய பெருங்கடை ஒன்று முறிந்தபோது, அங்கிருந்த ஐரோப்பிய பாங்குகள் அக்கடைக்கு மட்டுமன்றிப் பிற நகரத்தார் கடைகளுக்கும் கடன் தருதலைச் சுருக்கிக்கொண்டன. நாள் தவறாது கொடுத்தவரும் தவறியவரோடு ஒக்க நெருக்கடிக்கு உட்பட்டனர்.

நாணயத்தைக் கட்டடத்தின் உயரத்தாலும் பெயரின் பெருமையாலும் அளத்தலாகாது என்பதற்குச் சென்னை நகரே சான்று பகர்ந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அந்நகரின் தலைசிறந்த ஆங்கில வணிக நிலையங்களுள் ஒன்றாகிய ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், நிலக்கிழார் முதலிய பல்லாயிரவர் தம் சேமிப்பை இழந்து வருந்தினர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நீதிமன்றத்திற் குற்றவாளியெனக் காணப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவ்விழப்பினின்றும் எழுந்த உணர்ச்சியே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியாலும் நம் மரபைச் சேர்ந்த பெரியோர் துணையாலும் 1907-ஆம் ஆண்டில் இந்தியன் பாங்கு தோன்றுதற்குக் காரணமாயிற்று.

இனி, பர்மா நாட்டு வரலாற்றை நாம் மறைக்காது நோக்குதல் வேண்டும். ஐராவதி ஆற்றுக் கழிமுகத்திற் காடு திருத்திக் கழனியாக்கிய உழவர்க்கு முதல் கொடுத்து உதவியவர் நம்மவர். 1929-30-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த பர்மா மாகாணப் பாங்கு விசாரணைக் கமிட்டி, அந்நாட்டில் நகரத்தார் கடைகள் ஏறக்குறைய 1,650 என்றும், அவற்றின் முதல் 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது. அதே வேளையில் உலகமெங்கும் விலைவாசி சரிந்தது. நெல் விலை பாதியளவாக வீழ்ந்தது. விலை குறைந்தமை கண்டு வட்டி குறையவில்லை, தவணையும் நிற்கவில்லை. உழவனால் வட்டியும் கட்ட இயலாது போகவே, ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், 1930-ஆம் ஆண்டில் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு நகரத்தார் வசம் இருந்தது. 1937-ஆம் ஆண்டளவில் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று.

இதனை ஆக்கமென்று எண்ணியவரும் உண்டு. உண்மையில் அஃது இரு திறத்தார்க்கும் கேடாக முடிந்தது. பர்மிய உழவன் தன் நிலத்தை இழந்தான், அவன் மனத்தில் வெறுப்பு மூண்டது. நம்மவரோ, ஊரில் வைப்புத் தந்தவர்க்குப் பணமாகத் திருப்ப வேண்டியிருக்க, கையில் விற்கவொண்ணாத நிலத்தை வைத்துக்கொண்டு திகைத்தனர். 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் படை புகுந்தபோது பலர் உடுத்த துணியோடு மலைவழி நடந்து தாயகம் சேர்ந்தனர். 1948-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற பர்மிய அரசு நிலங்களைப் பொதுவுடைமையாக்கச் சட்டமியற்றியது. பத்திரங்கள் பெட்டிகளில் எஞ்சின. இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாதெனின், முதல் தேயாத கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் ஒருங்கே அழிக்கும் என்பதாம். வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும் கடனை நல்ல கடன் என்று கருதி மகிழ்ந்தது அக்காலத்துப் பிழை. அப்பிழையே இக்காலத்தில் வேறு உருவில் நம் பிள்ளைகளின் வாயிலில் வந்து நிற்பதைப் பின்னர்க் காட்டுவாம்.

மேனாட்டில் நாணயத்தை ஏட்டிலேற்றிய வரலாறு சுவையுடையது. 1837-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நேர்ந்த பெரும் பொருள் நெருக்கடியில் நட்டமடைந்தவருள் லூயிஸ் தப்பான் என்னும் பட்டு வணிகர் ஒருவர். அறியாதார்க்குக் கடன் கொடுத்துக் கெட்ட அவர், 1841-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்னும் நிலையத்தை நிறுவினார். ஊர்தோறும் வழக்கறிஞர் முதலியோர், அவ்வவ்வூர் வணிகரின் சொத்து, தொழில், ஒழுக்கம் ஆகியவற்றை எழுதி அனுப்புவர். அவை பெரிய ஏடுகளிற் பதியப்பெற்று, கட்டணம் செலுத்தியவர்க்குப் படித்துக் காட்டப்பெற்றன. பிற்காலத்தில் அந்நாட்டுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனும் வழக்கறிஞராயிருந்த போது அந்நிலையத்துக்குச் செய்தி எழுதியவருள் ஒருவரென்பர். நம்மவர் கோயில் மண்டபத்தில் வாய்மொழியாற் செய்ததனை அவர்கள் ஏட்டினாற் செய்தனர்.

வணிகர்க்கு ஏற்பட்ட இவ்வழக்கம் பின்னர்க் குடும்பத்தார்க்கும் பரவிற்று. 1899-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் உல்ஃபோர்ட் உடன்பிறந்தார் இருவர் ‘ரீடெயில் கிரெடிட் கம்பெனி’யைத் தொடங்கினர். இன்று ஈக்விஃபாக்ஸ் என வழங்குவது அதுவே. இத்தகைய நிலையங்கள் ஒருவனது கடன் கணக்கோடு அமையாமல், குடிப்பழக்கம், இல்லற வாழ்க்கை முதலிய அந்தரங்கங்களையும் எழுதி வைத்தன. எழுதப்பட்டவனுக்கோ தன்னைப்பற்றி என்ன எழுதியிருக்கின்றது என்று அறியவும் வழியில்லை. இக்கொடுமையை நீக்கவே 1970-ஆம் ஆண்டில் அந்நாட்டிற் சட்டம் பிறந்து, தன் பதிவைத் தான் அறியவும், பிழையை மறுக்கவும் ஒவ்வொருவர்க்கும் உரிமை தந்தது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம், பெண் என்பது பற்றியோ மணமானவள் என்பது பற்றியோ கடன் மறுத்தலைத் தடுத்தது. அதற்கு முன்னர் மணமான பெண்டிர் பலர் கணவர் கையொப்பமின்றிக் கடன் பெற இயலாதிருந்தனர். நம் ஆச்சிமார் தம் பெயரிலேயே கணக்கு வைத்து வட்டி பெற்ற செய்தியை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

ஒழுக்கத்தைச் சொல்லால் எழுதியது போய், எண்ணால் எழுதும் காலமும் வந்தது. பில் ஃபேர் என்னும் பொறியியலாரும் எர்ல் ஐஸக் என்னும் கணித அறிஞரும் 1956-ஆம் ஆண்டிற் கூடித் தொடங்கிய நிலையம், கடன் வாங்குவோர் திருப்பித் தரும் இயல்பைக் கணித முறையில் மதிப்பிட வகை கண்டது. 1989-ஆம் ஆண்டில் அவர்கள் நிலையத்தின் பெயராலேயே ‘ஃபைக்கோ’ என்னும் மதிப்பெண் பொது வழக்குக்கு வந்தது. அதில் நூற்றுக்கு 35 பங்கு, தவணையை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றைச் சார்ந்தது. 30 பங்கு, இப்போதுள்ள கடனளவைச் சார்ந்தது. குலமும் பட்டமும் மாளிகையும் அதில் இடம்பெறவில்லை. நாள் தவறாமையே அதன் தலையாய உறுப்பு.

இனிக் கடன் அட்டையின் வரலாற்றைக் காண்போம். 1950-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ‘டைனர்ஸ் கிளப்’ தோன்றிற்று. உணவு விடுதிகளில் அட்டையைக் காட்டி உண்டு, மாத முடிவில் முழுத்தொகையையும் கட்டிவிடல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. எனவே, முதலிற் பிறந்த அட்டை நம் தவணை உண்டியலைப் போன்றதே: நாள் வந்தால் முழுதும் கொடுத்துத் தீர வேண்டும். 1958-ஆம் ஆண்டிற் கலிஃபோர்னியாவிலுள்ள ஃபிரெஸ்னோ நகரில் ‘பாங்க் ஆஃப் அமெரிக்கா’ வேறொரு முறையைத் தொடங்கிற்று. கேளாத மக்கள் 60,000 பேர்க்கு அஞ்சல் வழியாக அட்டைகளை அனுப்பிற்று. முழுதும் கட்ட இயலாதவர் ஒரு சிறு பங்கைக் கட்டிவிட்டு எஞ்சியதற்கு வட்டி கொடுத்து வரலாம் என்பது இதன் புதுமை. நூற்றுக்கு 4 கணக்குகள் தவறக்கூடும் என எதிர்பார்த்த அந்த பாங்கு, 22 கணக்குகள் தவறியமை கண்டு பெருநட்டமடைந்தது. எனினும் அம்முறை அழியவில்லை. 1976-ஆம் ஆண்டில் ‘விசா’ என்னும் பெயர் பூண்டு உலகெங்கும் பரவிற்று. கேளாதார்க்கு அட்டை அனுப்புதலை 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தடை செய்தது. நம் நாட்டிற் சென்ட்ரல் பாங்கு 1980-ஆம் ஆண்டிற் கடன் அட்டையை வழங்கலாயிற்று.

பதிவு வைக்கும் ஏற்பாடும் தொடர்ந்து வந்தது. 2000-ஆம் ஆண்டிற் ‘சிபில்’ எனப்படும் கடன் செய்தி நிலையம் அமைக்கப்பெற்றது. 2005-ஆம் ஆண்டில் இத்தகைய நிலையங்களை முறைப்படுத்தும் சட்டம் நிறைவேறிற்று. ஒருவனது நாணயம் இந்நாட்டில் 300 முதல் 900 வரையுள்ள எண்ணால் அளக்கப்படுகின்றது. வீட்டுக் கடன், வாகனக் கடன், கல்விக் கடன் என எதனை நாடினும் கொடுப்போர் முதலில் வினவுவது இவ்வெண்ணையே. விலாசம் இருந்த இடத்தில் இன்று எண் அமர்ந்துள்ளது. மற்றொரு வேறுபாடும் உண்டு. காரைக்குடியில் விளங்கிய விலாசம் இரங்கூனிலும் சைகோனிலும் செல்லுபடியாயிற்று. இவ்வெண்ணோ பெரும்பாலும் ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. அயல்நாடு செல்லும் நம் இளைஞர் அங்கே நாணயத்தை முதற்படியினின்றும் ஈட்டல் வேண்டும். தந்தை பெயர் கூறி எவரும் அங்கே கடன் பெறுதல் இயலாது.

முன்னர்க் குறிப்பித்த பிழைக்கு இனி வருவோம். கடன் அட்டைக் கணக்கில் ‘குறைந்த அளவு செலுத்த வேண்டிய தொகை’ என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கட்டிவிட்டாற் கடமை தீர்ந்ததென்று பலர் கருதுகின்றனர். முழுத்தொகையையும் குறித்த நாளிற் கட்டுவோர்க்கே சில வாரங்கள் வட்டியின்றிப் பயன்படுத்தும் சலுகை உண்டு. எச்சம் நின்றுவிட்டால் அச்சலுகை நீங்கிப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு பணமாக எடுத்தாலோ, எடுத்த நாள் முதலே வட்டி தொடங்கும்.

ஒரு கணக்குக் காண்போம். ஒருவர்க்கு அட்டையில் 50,000 ரூபாய்க் கடன் நிற்கின்றது எனவும், வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் எனவும் கொள்வோம். முதல் மாத வட்டி 1,750 ரூபாய். அவ்வட்டியின் மீது நூற்றுக்கு 18 வீதம் வரி 315 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,065 ரூபாய். அவர் 2,500 ரூபாய் கட்டுவாராயின், முதலிற் கழிவது 435 ரூபாய் மட்டுமே. புதிதாக ஒரு காசும் செலவிடாது, மாதந்தோறும் அதே 2,500 ரூபாயைக் கட்டி வருவாராயினும், கடன் தீர 44 மாதங்கள் ஆகும். கட்டிய தொகை ஏறக்குறைய 1,08,000 ரூபாயாகும். அவரே சிக்கனம் பூண்டு மாதம் 5,000 ரூபாய் கட்டுவாராயின், 14 மாதங்களில் ஏறக்குறைய 65,800 ரூபாயோடு கடன் தீரும். மாதம் இரட்டிப்பாகக் கட்டியதனால் வட்டியாகப் போகவிருந்த 42,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகின்றது. ஆண்டுக்கு நூற்றுக்கு 42 வட்டி என்பது பேரேட்டைப் பார்த்து வளர்ந்த எவரையும் நடுங்கச் செய்யும். அட்டையின் பின்னே மறைந்திருப்பதால் அது நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

சட்டம் காக்கும் என்று வாளாவிருத்தலும் ஆகாது. ஆண்டுக்கு நூற்றுக்கு 30-க்கு மேற்பட்ட வட்டியை அட்டைக் கடனுக்கு வாங்குதல் முறையற்றதென்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டிற் கூறிற்று. உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனினும் ரிஸர்வ் பாங்கு 2022-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் சில பாதுகாப்புக்களைத் தந்துள்ளன. குறைந்த அளவுத் தொகையைக் கட்டி வந்தும் கடன் பெருகிக்கொண்டே போகும்படி அத்தொகையை அமைத்தல் கூடாது. கேளாதவர்க்கு அட்டை வழங்குதல் கூடாது. தவணை நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேலும் கட்டாதிருந்தாலன்றித் தவறியவர் எனப் பதிவு நிலையத்துக்கு அறிவித்தல் கூடாது. இவ்வுரிமைகளை அறிந்திருத்தல் நம் கடமையாகும்.

இனி, கடன்பட்டார் செய்யத்தக்கன யாவை? முதலாவது, புதிய செலவுக்கு அட்டையைத் தொடாது ஒதுக்கி வைத்தல். இரண்டாவது, எத்தனை அட்டைகளில் எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்நாள் தவணை என்பவற்றை ஐந்தொகை எடுப்பது போல ஒரே தாளில் எழுதிக் காணுதல். பலர்க்குத் தம் கடனின் முழு அளவு தெரியாமையே முதல் நோய். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் குறைந்த அளவுத் தொகையை நாள் தவறாது கட்டிக்கொண்டு, மிகுதியான பணமனைத்தையும் வட்டி மிகுந்த கடனுக்கே செலுத்துதல். அது தீர்ந்ததும் அடுத்ததற்குச் செல்லுதல். நான்காவது, நகை ஈட்டின் மேலேனும் வேறு முறையிலேனும் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமாயின், அதனைப் பெற்று அட்டைக் கடனை முழுதும் அடைத்தல். அவ்வாறு அடைத்த பின்னர் அட்டையில் மீண்டும் கடன் சேர்ப்பாராயின், ஒரு கடன் இரண்டாகும் என்பதை மறத்தலாகாது.

ஐந்தாவதாக ஒன்று சிறப்பாகக் குறிக்கத்தக்கது. கட்ட இயலாது தவிப்போரை பாங்குகள் அணுகி, ஒரு பகுதியைத் தந்தாற் போதும், எஞ்சியதைத் தள்ளிவிடுவோம் என்று கூறுவதுண்டு. வேறு வழியில்லாதார் அதனை ஏற்கலாம். ஆனாற் பதிவேட்டில் அக்கணக்கு ‘முடிந்தது’ என்று எழுதப்படாமல், பேசித் தீர்க்கப்பட்டது என்றே எழுதப்படும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அச்சொல் எதிர்நிற்கும். நம் முன்னோர் மொழியிற் கூறின், உண்டியல் பாதி திரும்பியது என்பதற்கு அஃது ஒப்பாகும்.

நாணயத்தை வளர்க்கும் வழியும் இவற்றினின்றே விளங்கும். முன்பு கடன் வாங்காதவர் தம் வைப்புத் தொகையை ஈடாக வைத்துச் சிறிய அளவில் ஓர் அட்டை பெற்று, சிறு செலவுகளுக்கு மட்டும் அதனை வழங்கி, மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்டி வரலாம். தவணை நாளில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானே பணம் செல்லுமாறு பாங்குக்கு எழுதிக் கொடுத்தல் மறதிக்கு மருந்தாகும். அனுமதித்த அளவு முழுதையும் செலவிடாது மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுதல் நன்று. ஒரே காலத்தில் பல இடங்களிற் கடன் கேட்டு விண்ணப்பித்தல் தகாது. பிறர் கடனுக்கு ஜாமீன் கையொப்பமிடுவோர், அவர் தவறினாற் பழி தம் பதிவிலும் ஏறும் என்பதனை அறிந்தே இடல் வேண்டும். கொழும்பில் 1925-இற் கண்ட கூட்டுப் பழி, இவ்வகையில் இன்றும் நின்று நிலவுகின்றது.

ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பதிவு நிலையத்திலும் தம் கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை நம் நாட்டார்க்கு உண்டு. அதனைப் பெற்று நோக்குதல், ஆண்டு முடிவிற் கணக்குப் பார்க்கும் மரபுக்கு ஏற்றதே. தீர்த்த கடன் தீராததாகவோ, வாங்காத கடன் வாங்கியதாகவோ எழுதப்பட்டிருப்பின் உடனே எழுதி முறையிடல் வேண்டும். 30 நாட்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிடின், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்னும் விதி 2024-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மேலும், 2025-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பாங்குகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் கணக்குகளைப் புதுப்பித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஆகவே தவறும் விரைவில் ஏறும், திருத்தமும் விரைவில் ஏறும்.

நம் சமூகப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நம்மிடையே கடன்பட்டிருத்தலை வெளியிற் கூறுவது மானக்கேடாகக் கருதப்படுகின்றது. அதனால், நகரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஓர் அட்டையின் கடனை மற்றோர் அட்டையால் அடைத்து, பெற்றோர்க்கு ஒளித்து, முதல் தேயாத வட்டியில் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். பர்மாவில் உழவன் நிலத்தை இழந்ததும், நம்மவர் முதலை இழந்ததும், இருவரும் நிலைமையை உள்ளவாறு கூறிக் கணக்கைத் திருத்திக்கொள்ளாமையாலன்றோ? வீட்டில் ஒருவர் கடன்பட்டார் எனின், கடிந்துரைக்கு முன்னர்க் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி உடன் அமர்ந்து பார்த்தல் பெற்றோர் கடமை. நகர விடுதிகளிலும் சங்கக் கூட்டங்களிலும், கணக்கறிந்த பெரியவர் ஒருவர் இளைஞர்க்கு இவற்றை எடுத்துரைக்க ஏற்பாடு செய்தல் சங்கத்தார் கடமை. திருமண வயதெய்திய ஆண் பெண் இருபாலார்க்கும், தம் பெயரிலுள்ள கடன் அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும்.

பெட்டியடியில் அமர்ந்து கற்ற கல்வி இன்று எப்பள்ளியிலும் கற்பிக்கப்படுவதில்லை. அட்டையோ பதினெட்டு வயது நிரம்பியோர் கைக்கு எளிதில் வந்துவிடுகின்றது. இவ்விடைவெளியை நிரப்புதற்கு நம்மினும் உரியார் யாவர்? கோயில் மண்டபத்து வாய்மொழியிலும், அமெரிக்க நிலையத்தின் ஏட்டிலும், இன்றைய எண்ணிலும் உரைகல்லாக நின்றது ஒன்றே: வாங்கியதைச் சொன்ன நாளில் முழுதும் திருப்பித் தந்தானா என்பது. அவ்வொன்றைக் கைவிடாதவரை நம்மவர் நாணயம் குறையாது. நம் இளைஞர் அட்டையைக் கருவியாக ஆளக் கற்று, கடனை முதலோடு தீர்த்து, முன்னோர் விலாசம் பெற்ற நன்மதிப்பைத் தத்தம் பெயரிலேயே ஈட்டுவாராக.